அண்ணனுக்குப் பதிலாக அறுபது விநாடி

என் அண்ணன் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன். அப்படிப்பட்டவனுடைய வாயை டாக்டர் பத்து நாளைக்குக் கட்டிப்போட்டுவிட்டார். தொண்டைக்குள் ஏதோ வீக்கம். ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கக்கூட கூடாது, மீறினால் குரல் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பொய் சொல்வானேன், நான் முதல் இரண்டு நாள் அந்த அமைதியை நன்றாக அனுபவித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவன் ஒரு சின்ன நோட்டை என் முன்னால் நீட்டினான். 'புதன்கிழமை மீட்டிங். எனக்குப் பதிலா நீ பேசணும்' என்று எழுதியிருந்தது.

அந்த மீட்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழில் செய்கிறவர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வாரா வாரம் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு ஹோட்டலின் முதல் மாடி ஹாலில் கூடுவார்கள். ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலிதான். டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் இருந்தால் இன்னொரு டைல்ஸ் கடைக்காரருக்கு உள்ளே இடம் இல்லை. ஒவ்வொருவரும் எழுந்து நின்று, தான் யார், என்ன தொழில், யாருக்கு உதவ முடியும் என்று அறுபது விநாடிக்குள் சொல்ல வேண்டும். அறுபத்தொன்றாவது விநாடியில் தலைவர் மணி அடித்துவிடுவார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். ஆறு மாதத்தில் மூன்று தடவை வராவிட்டாலோ, வந்தும் பேசாவிட்டாலோ நாற்காலி போய்விடும். அண்ணன் ஏற்கெனவே இரண்டு தடவை மட்டம் போட்டிருந்தான். வர முடியாதவர், அல்லது வந்தும் பேச முடியாதவர், தனக்குப் பதிலாக ஒரு மாற்று ஆளைப் பேச வைக்கலாம். அந்த ஒரு சலுகை உண்டு.

எங்கள் தொழிலைச் சொன்னால் நிறைய பேர் விழிப்பார்கள். பெரிய சமையலறைகளில் அடுப்புக்கு மேலே தகரத்தில் ஒரு கூடு கவிழ்த்து வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். புகையையும் எண்ணெய் ஆவியையும் அது உறிஞ்சி, டக்ட் என்கிற பெரிய தகரக் குழாய் வழியாக மொட்டை மாடிக்கு அனுப்பும். போகிற வழியெல்லாம் எண்ணெய் படியும். மேலே காய்ந்து, அடியில் பிசுபிசுவென்று, விரல் தடிமனுக்கு ஏறிவிடும். அடுப்பிலிருந்து ஒரு தீப்பொறி மேலே போனால் போதும், குழாய் முழுக்கப் பற்றிக்கொள்ளும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வதுதான் எங்கள் வேலை. அந்தக் குழாய்க்குள் தவழ்ந்து போகிற ஆள் நான்.

அண்ணன் போக மாட்டான். அவன் உடம்புக்குக் குழாய் போதாது. போதுமென்றாலும், மூடிய இடம் என்றால் அவனுக்கு வியர்த்து ஊற்றும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு பழைய நீராவி மெஷினை வாங்கினான், நான் சலவைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தேன். அவன் வெளியே பேசுவான், நான் உள்ளே சுரண்டுவேன். நல்ல ஏற்பாடுதான், யாராவது என்னைக் காட்டி 'இவங்க யாரு?' என்று கேட்கிற வரைக்கும்.

"என் தங்கச்சி. கூடமாட உதவிக்கு வரும்," என்பான்.

முதல் தடவை வாய் தவறிச் சொல்கிறான் என்று நினைத்தேன். நூறாவது தடவையும் வாய் தவறுமா? கம்பெனிப் பத்திரத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பங்குதாரர்கள் இரண்டு பேர். ஒன்று அவன், இன்னொன்று அண்ணி. அண்ணி தங்கமானவள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டக்ட்டுக்கும் மழைத்தண்ணீர்க் குழாய்க்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. "என் பேர் எங்கேண்ணா?" என்று கேட்டேன். "குடும்பத்துக்குள்ள என்ன உன் பேரு, என் பேரு? யார் பேர்ல இருந்தா என்ன?" என்றான். யார் பேரில் இருந்தாலும் ஒன்றுதான் என்றால் என் பேரிலேயே இருக்கட்டுமே என்றேன். அடுத்த வருஷம் மாற்றிவிடலாம் என்றான். அப்படி மூன்று அடுத்த வருஷங்கள் போய்விட்டன.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ மெஷினைத் தூக்கி அவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருப்பேன். நான் குழாய்க்குள் இருக்கும்போது அவன் வாசலை விட்டு நகர மாட்டான். குழாயில் நான் நுழைந்த கதவுப் பக்கம் உட்கார்ந்து, எனக்குப் பயம் வரக்கூடாது என்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான். பழைய சினிமாக் கதை, பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவானாலும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "இருக்கியா?" என்று கேட்பான். நான் வெளியே வருகிற வரைக்கும் ஒரு வாய் சாப்பிட மாட்டான். அதனால்தான் எனக்கு எரிச்சல் இரண்டு மடங்காக வந்தது.

அந்தப் புதன்கிழமை சாதாரணப் புதன்கிழமை இல்லை. விருந்தினராக ஒரு அம்மா வருகிறார் என்று அண்ணன் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான். மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் கேன்டீன் நடத்துகிற கம்பெனியில் அவர்தான் எல்லா ஒப்பந்தத்தையும் முடிவு செய்கிறவர். மொத்தம் பதினான்கு சமையலறை. ஒரு வருஷமாக இவன் அவர் பின்னால் நாயாய் அலைந்துகொண்டிருந்தான்.

"போறேன். ஆனா இந்த வேலை கிடைச்சா என் பேரைப் பத்திரத்துல சேர்க்கணும்," என்றேன்.

'பாக்கலாம்' என்று எழுதினான்.

எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். இருந்தாலும் போனேன். நாற்காலி போனால் எனக்கும் சேர்த்துத்தான் நஷ்டம். அதோடு, உண்மையைச் சொல்கிறேன், நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று பேச வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

ஹால் வாசலில் ஒரு பெண் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு சீட்டுக் கொடுத்தாள். அதில் பெரிய எழுத்தில் அண்ணன் பேர், கீழே சின்ன எழுத்தில் 'மாற்று ஆள்'. நான் என் பேரைச் சொன்னேன். "மாற்று ஆளுக்கெல்லாம் பேர் போட மாட்டோங்க," என்று சிரித்தாள். பக்கத்தில் அண்ணன் தன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். பேச முடியாவிட்டாலும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் நான் பேச வேண்டியதை மடித்து என் கையில் திணித்தான். முந்தின நாளே கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். குழுத் தலைவரிடம், அதாவது மணி அடிக்கிற அந்த மணிக்காரரிடம், பயிற்சி எடுத்து எழுதியது. மேடையில் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் அந்த மனிதருடைய தொழில். அழுக்கைப் பற்றிப் பேசக்கூடாது, பலனைப் பற்றிப் பேசு, ஒரு கேள்வியில் ஆரம்பி, ஒரு வாசகத்தில் முடி என்று சொல்லிக்கொடுப்பார். அண்ணன் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

'உங்கள் சமையலறை சுவாசிக்கிறதா? சுவாசிக்க வைக்க நாங்கள் இருக்கிறோம்! இருபது பேர் கொண்ட நிபுணர் குழு. நவீனத் தொழில்நுட்பம். நான்கே மணி நேரத்தில் முழு டக்ட்டும் பளபள. சுத்தமான காற்று, சுகமான வாழ்வு!'

"யாருண்ணா இந்த இருபது பேரு?" என்று அவன் காதருகே கேட்டேன். மெஷினைப் பிடிக்கிற இரண்டு ஆட்களும் நானும்தான் எங்கள் குழு. மீதிப் பதினேழு பேரை நான் பார்த்ததே இல்லை.

'எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சும்மா படி' என்று எழுதினான்.

சுற்று ஆரம்பித்தது. காப்பீட்டுக்காரர் உங்கள் கண்ணீரைத் துடைக்கிறேன் என்றார். பெயின்ட் கான்ட்ராக்டர் கனவுகளுக்கு வண்ணம் பூசுகிறேன் என்றார். கணினித் துறைக்காரர் ஒருவர் என்ன செய்கிறார் என்பது கடைசி வரை யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் கைதட்டினார்கள். விருந்தினர் நாற்காலியில் கேன்டீன்காரம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டிய வயது, தட்டையான செருப்பு. அவருக்கு முன்னால் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தன, பேனா மூடியே இருந்தது. காபிக் கோப்பையை எடுக்கக் கை நீட்டியபோது முழங்கைக்குக் கீழே ஒரு பழைய தழும்பைப் பார்த்தேன். கொதிக்கிற எண்ணெய் தெறித்தால் மட்டும் வருகிற தழும்பு. இவர் ஆபீஸ் நாற்காலியில் பிறந்தவர் இல்லை, அடுப்படியில் நின்றவர் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

என் முறை வந்தது. எழுந்தேன். தாளைப் பிரித்தேன்.

"உங்கள் சமையலறை சுவாசிக்கிறதா?" என்று படித்தேன். எனக்கே கூசியது. "சுவாசிக்க வைக்க நாங்கள் இருக்கிறோம். இருபது பேர் கொண்ட நிபுணர் குழு." பதினேழு பேரைப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். அடுத்த வரிக்கு வந்ததும் நாக்கு நின்றுவிட்டது.

நான்கு மணி நேரம். ஒரு டக்ட்டை முழுக்கச் சுத்தம் செய்ய ஒன்றரை நாள் ஆகும். கூட்டுக்குள் எண்ணெயை வடிகட்டுகிற வலைகளைக் கழற்றி ஊறப்போட வேண்டும். குழாயில் ஆறடிக்கு ஒரு கதவு வெட்ட வேண்டும். நீராவி அடித்து, சுரண்டி, துடைத்து, மாடியில் இருக்கிற ஃபேனைக் கழற்றி அதன் இறக்கைகளைத் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறவன், கை எட்டுகிற வரைக்கும் துடைத்துவிட்டு 'சுத்தம் செய்யப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவன். அப்படி ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு குழாய் எரிந்த பிறகு அதற்குள் போயிருக்கிறேன். அங்கே சமைத்துக்கொண்டிருந்தவருடைய உருகிப்போன செருப்பு இன்னும் அடுப்படியிலேயே கிடந்தது. அந்தப் பொய்யை என் வாயால் சொல்ல முடியாது. பதினான்கு சமையலறை என்ன, நாலாயிரம் கொடுத்தாலும் முடியாது.

தாளை மடித்து மேசைமேல் வைத்தேன்.

"மன்னிச்சுக்கங்க. இது எங்கண்ணன் எழுதினது. இதுல பாதி பொய்," என்றேன். "நான் டக்ட்டுக்குள்ள போற ஆளு. இருபது பேர் இல்ல, மூணு பேர்தான். உள்ள போறது நான் ஒருத்திதான்."

அண்ணன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"கிச்சனை மூடிட்டு சாவியை எங்கிட்ட கொடுப்பாங்க. நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு முட்டி போட்டுப் போவேன். உள்ள நாத்தம் குடலைப் புரட்டும். கூடு பளபளன்னு இருக்கும், அதைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. முதல் வளைவு சுமாரா இருக்கும். ரெண்டாவது வளைவுக்கு அந்தப் பக்கம் யாரும் போயிருக்க மாட்டாங்க. அங்கதான் ஆபத்து உக்காந்திருக்கு. நான் அங்க போவேன். அதுதான் என் தொழில்."

அண்ணன் நோட்டில் 'படி!!!' என்று எழுதி என் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம் வந்தது.

மணி அடித்தது.

"மேடம், டைம் முடிஞ்சிடுச்சு," என்றார் மணிக்காரர்.

"கேட்டுச்சு சார். நான் இன்னும் முடிக்கல."

"இங்க ஒரு ரூல் இருக்கு மேடம். எல்லாருக்கும் ஒரே ரூல்."

"எல்லாரும் அறுபது விநாடியில பொய்யை முடிச்சிடறாங்க. உண்மைக்குக் கொஞ்சம் நேரம் ஆகுது. நான் என்ன பண்றது?"

மணிக்காரர் இரண்டாவது தடவை அடிக்கக் கையைத் தூக்கினார். அப்போது பக்கத்து நாற்காலி டைல்ஸ் கடைக்காரர் எழுந்தார். "அடுத்தது நான்தானே? என் நிமிஷத்தை இவங்களுக்குக் கொடுத்துட்டேன். என் டைல்ஸ் எங்கயும் ஓடிடாது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் புண்ணியவானுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

ஆனால் அதற்குமேல் பேச விடாமல் கேன்டீன்காரம்மா குறுக்கே கேட்டார். "ஒரு கிச்சனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒன்றரை நாள். அதுவரைக்கும் அடுப்பு பத்த வைக்கக்கூடாது."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். மருத்துவமனை கேன்டீனை ஒன்றரை நாள் மூடச் சொல்கிறவளுக்கு எவன் வேலை கொடுப்பான் என்று அவன் மனசுக்குள் கத்தியது எனக்கே கேட்டது.

"இதுவரைக்கும் மூணு கம்பெனி எங்கிட்ட வந்துச்சு," என்றார் அந்த அம்மா. "மூணும் நாலு மணி நேரம்னுதான் சொல்லுச்சு. மூணு பேரையும் கேட்டேன், ரெண்டாவது வளைவுல என்ன பண்ணுவீங்கன்னு. அப்படி ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியல." பேனாவைத் திறந்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க உள்ள போயிருக்கீங்களா?"

அண்ணன் முகத்திலிருந்து கையை எடுத்தான். பிறகு, இல்லை என்று தலையை ஆட்டினான். பதினொரு வருஷத்தில் அவன் வெளியாள் முன்னால் அதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப இவங்க உங்க கம்பெனில யாரு?"

அவன் நோட்டை எடுத்தான். 'என் தங்கச்சி' என்று எழுதினான். பேனா அங்கேயே நின்றது. அடுத்து என்ன எழுதப் போகிறான் என்று நாற்பது பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். அவன் எழுதி முடிக்கட்டும், என்னை யாரென்று அவன் தீர்மானிக்கட்டும் என்று நான் ஏன் காத்திருக்க வேண்டும்?

"தங்கச்சிங்கறது வீட்டுல," என்றேன். "தொழில்ல நான் பாதிக் கம்பெனி. பத்திரத்துல என் பேர் இல்ல. அங்க எங்க அண்ணி பேர் இருக்கு. டக்ட்டுக்குள்ள அண்ணி போறதில்ல, நான்தான் போறேன்."

சொல்லிவிட்டேன். குடும்ப விஷயத்தை நடு ஹாலில் போட்டு உடைத்துவிட்டேன். காது இரண்டும் சுட்டன. வெட்கம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பதினொரு வருஷம் தாமதம் ஆகிவிட்டதே என்கிற வருத்தம்தான் வந்தது.

நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து நின்றான். நோட்டு மேசையிலேயே கிடந்தது. வாயைத் திறந்தான். வேண்டாமென்று நான் கையைக் காட்டுவதற்குள் கரகரவென்று, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வெளியே வந்தது.

"அவ சொல்றது நிஜம். இது அவ கம்பெனி. முதல் நாள்லேருந்தே."

ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். காப்பீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணிக்காரர் மணியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் அண்ணன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேண்டும், அதோடு காபி குடிக்கப் போகலாம் என்று எதிர்பார்த்தார்கள். டாக்டர் சொன்னதையும் மீறிக் குரலைப் பணயம் வைத்திருக்கிறான். அண்ணன் மேல் எனக்கு உயிர். ஆனால் கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பதினொரு வருஷமா உன் தொண்டை நல்லாத்தானேண்ணா இருந்துச்சு?" என்றேன்.

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. அண்ணன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். நான் உட்காரவில்லை.

கேன்டீன்காரம்மாவுக்கு இந்த அழுகையிலும் சண்டையிலும் அக்கறை இருந்த மாதிரி தெரியவில்லை. நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டினார்.

"திங்கக்கிழமை காலைல ஏழு மணி. முதல்ல ஒரு கிச்சனைப் பாருங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம். செக்யூரிட்டிக்கு எழுதிக் கொடுக்கணும். உள்ள வர்றவங்க பேர் சொல்லுங்க."

என் பேரை அப்பா பேரோடு சேர்த்து முழுசாகச் சொன்னேன். ஹாலின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"பதவி?"

"பங்குதாரர்."

"பத்திரத்துல இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"திங்கக்கிழமைக்குள்ள இருக்கும்."

"இல்லைன்னா?"

அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தபடி, ஆகட்டும் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் ஆட்டியதை நம்புகிறேன். ஆனாலும் என் பதில் அவன் தலையாட்டலுக்காகக் காத்திருக்கவில்லை.

"இல்லைன்னா கம்பெனி பேரை அடிச்சிடுங்க," என்றேன். "என் பேரை மட்டும் வச்சுக்கங்க. ஏழு மணிக்கு நான் வந்திடுவேன்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.